பெட்டியக்காவும் தேவதாரு அறையும்

பெட்டியக்கா முதன்முதலில் தேவதாரு மரத்தைத் தொட்டது ஒரு பென்சில் தொழிற்சாலையில். கணவன் காய்ச்சலில் போய், மழலை மாறாத மகளோடு தனியாக நின்றபோது, எந்த வேலை முதலில் கிடைக்கிறதோ அதுவே நல்ல வேலை என்று போய்ச் சேர்ந்தாள். கொடுத்த வேலையும் சிரமமானதில்லை. ஒரு சாண் நீளம், பிஸ்கட் கனம் என்று அறுத்த தேவதாருப் பலகைகள் அவள் மேசைக்கு வந்து விழும். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, கணு இருந்தால் ஓரமாகப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். அங்கே பலகையில் நீளப் பள்ளமாகக் காடி கிழித்து, காடிக்குள் கரிக்குச்சியைப் படுக்க வைத்து, மேலே இன்னொரு பலகையை ஒட்டி, நீள வாக்கில் அறுத்தால் பென்சில். கணு உள்ள பென்சிலைச் சீவினால் பிளேடு திக்கும், முனை முறியும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்ப்பாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் தலைமுடியில், சால்வையில், நகக்கண்ணில் எல்லாம் அந்த மரத்தின் வாசனை. புதிதாகச் சீவிய பென்சிலை முகர்ந்து பார்த்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். மகள் அவள் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அந்த வருடம் குளிர் தொடங்கியதும் பரணிலிருந்த கம்பளியை எடுத்து உதறினாள். கம்பளி எது, ஓட்டை எது என்று சொல்ல முடியவில்லை. அந்துப்பூச்சி விருந்து வைத்துக் கொண்டாடியிருந்தது. அதே அறையில் ஆணியில் தொங்கிய அவளுடைய வேலைச் சால்வையும் கம்பளிதான். அதில் மட்டும் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. சால்வையை முகர்ந்து பார்த்தாள்; தொழிற்சாலை மரத்தின் அதே வாசனை. மறுநாள், கழித்துப் போட்ட கணுப் பலகைகளை எடுத்துக்கொள்ளலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டாள். அடுப்பெரிக்கத்தானே, தாராளமாக எடுத்துப் போ என்றார் அவர்.

அடுப்புக்கு ஒரு துண்டுகூடப் போகவில்லை. இரவல் சுத்தியலையும் பசையையும் வைத்துக்கொண்டு அவள் செய்த முதல் பெட்டி நாலு காலில் மூன்றை மட்டும் தரையில் வைத்து நின்றது. மூடி ஒரு பக்கம் வாயைத் திறந்தே வைத்திருக்கும். ஆனாலும் மகளுடைய குளிர் உடுப்பு அதில் பத்திரமாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரி அதைப் பார்த்தாள், அவளுக்கு ஒன்று. அவள் நாத்தனாருக்கு ஒன்று. மூன்றாவது பெட்டிக்கு அழகு சேர்க்கிறேன் என்று உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ் அடித்து வாசனைக்குச் சமாதி கட்டினாள். வாங்கியவள் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, “வெறும் பெயின்ட் கடை வாசம்தான் வருதுக்கா” என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். இப்படிக் கெடுத்துக் கெடுத்துத்தான் தொழில் கைக்கு வந்தது. இரண்டொரு வருடத்தில் தெருவில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் பெட்டியக்கா.

பிறகு தொழிற்சாலையை விட்டாள். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு நீள அறையை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை போட்டாள். உடுப்புப் பெட்டி, கோட்டு மாட்டும் சட்டம், ஈர ஷூவுக்குள் திணித்து வைக்கும் மரப்பாதம், அலமாரி இழுப்பறைக்குள் போடும் சின்னச் சின்ன வில்லைகள் என்று தேவதாருவில் என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தாள். இழைத்த சீவலைக்கூட வீணாக்காமல் துணிப்பைக்குள் தைத்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கொடுப்பாள். மகள் வளர்ந்து பஸ் ஓட்டுநராகி, தன்னோடு வேலை பார்த்த கண்டக்டரையே கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை எதையும் சிரிக்காமல் சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள். “எங்க வீட்ல டபுள் விசில் கொடுத்தாத்தான் அத்தை, உங்க பொண்ணு நகரும்” என்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு ஐம்பது தாண்டியபோது, ஊரின் நாடக அரங்கத்தில் ஒரு ராஜா சோகமாகக் கையைத் தூக்கினார்.

போரில் மாண்ட மகனின் உடலருகே ராஜா புலம்புகிற கட்டம். அரங்கம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறது. ராஜா வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்த, வலது கைச் சட்டைக்குள்ளிருந்து ஒரு அந்துப்பூச்சி பறந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் ஒரு வட்டமடித்து, மாண்ட இளவரசனின் மூக்கில் உட்கார்ந்தது. மாண்டவர் என்ன செய்வார்? மூக்கைச் சுழித்தார். முன்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு பின்வரிசைவரை போய்த்தான் நின்றது. மறுநாள் காலையிலேயே அரங்கத்தின் மேலாளரம்மா பெட்டியக்காவின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

உடை அறை மேடைக்குப் பின்னால், ஒரு குறுகலான மரப்படி ஏறிப் போகிற நடுமாடத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரோடு சுவராகச் சுடுநீர்க் குழாய் ஓடும். கம்பிகளில் ராஜாக்களின் அங்கிகள், சிப்பாய்களின் கம்பளிக் கோட்டுகள், பிச்சைக்காரர்களின் கந்தல்கள், தேவதைகளின் இறகுகள். பெட்டியக்கா கதவைத் திறந்ததும் அவளை முதலில் வரவேற்றது பாச்சை உருண்டை நெடி. கண் எரிந்தது. அடுத்தது, அறைக்குள்ளிருந்து கிளம்பிய ஒரு தும்மல். பட்டாசுக் கடையில் தீப்பிடித்தாற்போல அது ஒன்றோடு நிற்கவில்லை.

தும்மியவர் அரங்கத்துத் தையல்காரர். எல்லாருக்கும் மாஸ்டர். ஒல்லியான மனிதர், கழுத்தில் அளவு நாடா, சட்டைக் காலரில் குண்டூசி வரிசை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதுபோல, தும்மல் முன்னே வரும், மாஸ்டர் பின்னே வருவார் என்று நடிகர்கள் சொல்வார்கள். மேடையில் நடக்கிற கல்யாணங்களுக்கெல்லாம் மணப்பெண் உடை தைத்துக் கொடுத்தவர், மேடைக்குக் கீழே தனக்கு அந்த யோசனையே வராமல் இருந்துவிட்டார். அந்தத் துணிகள்தான் அவருக்குப் பிள்ளைகுட்டி.

அவருக்குப் பெட்டியக்காவைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. பூச்சிக்கு மருந்து பாச்சை உருண்டைதான் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு உடுப்பின் பையிலும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு வைத்திருந்தார். போன மாதம் காதல் காட்சியில் நாயகன் மண்டியிட்டபோது அவன் பையிலிருந்து இரண்டு உருண்டைகள் விழுந்து, மேடை முழுக்க உருண்டு, இசைக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் போய் விழுந்தன. ஆனாலும் அவர் மனம் மாறவில்லை. மரத்தைச் சுவரில் அடித்தால் பூச்சி போய்விடும் என்றால், காட்டில் ஒரு பூச்சியும் இருக்கக் கூடாதே என்று கேட்டார். நல்ல கேள்விதான் என்று பெட்டியக்காவும் ஒப்புக்கொண்டாள். எல்லா மரத்துக்கும் எல்லாப் பூச்சியும் பயப்படாது, இந்த மரத்துக்கு இந்தப் பூச்சி ஆகாது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றாள். மேலாளரம்மா இருவரையும் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்கு உருண்டை வேண்டாம், மரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்று தீர்ப்புச் சொன்னார்.

வேலை தொடங்கியது. வெறுமனே பலகையை அடித்துவிட்டால் ஆகாது. ஏற்கெனவே குடியிருக்கிற பூச்சியை மரம் வீட்டைவிட்டுத் துரத்தாது, புதிதாக வருவதைத்தான் வாசலில் நிறுத்தும். அதனால் அத்தனை உடுப்பையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வெயிலில் தொங்கவிட்டு, தட்டி, தூரிகை போட்டு, தையல் மடிப்புகளைப் பிரித்துப் பார்த்து முட்டைகளை எடுத்தார்கள். மொட்டை மாடியில் ராஜாக்களும் சிப்பாய்களும் காற்றில் கை வீசிக்கொண்டு தொங்கினார்கள். மாஸ்டர் ஒவ்வொன்றையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாற்போலத் தட்டினார். அதைக் கவனித்த பெட்டியக்காவுக்கு, இவர் வாய்தான் முரடு, கை இல்லை என்று தோன்றியது.

பிறகு சுவர். ஒரு பலகையின் நாக்கை அடுத்த பலகையின் காடிக்குள் செருகி, செருகிய தடம் தெரியாமல் தட்டி, தரையிலிருந்து கூரைவரை செம்பழுப்புத் தேவதாருவால் மூடினாள். மாஸ்டர் அறைக்கு வெளியே படியில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு தைத்தார். அவள் உப்புத்தாள் தேய்க்கும்போதெல்லாம் தும்மினார். உங்க மரத்தூள்தான் காரணம் என்று அவர் சொல்ல, உங்க உருண்டையை இத்தனை வருஷம் முகர்ந்ததன் பலன் என்று இவள் சொல்ல, நாள்தோறும் இதே வழக்கு. சண்டைக்கு நடுவே டீ வரும். அவருக்கு வருகிற டீயை இரண்டாகப் பிரித்து ஒரு டம்ளரை அறை வாசலில் வைத்துவிட்டுப் போய் உட்காருவார். அவளும் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு எடுத்துக் குடிப்பாள்.

வேலை முடிந்து, தூளைத் துடைத்து, உடுப்புகளைத் திரும்ப மாட்டினார்கள். மாஸ்டர் இயந்திரத்தை உள்ளே கொண்டுவந்தார். மூன்றாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை நாடகத்தில் அந்த வேடிக்கை நடந்தது. ராணி விஷக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகிற கட்டத்தில் எப்போதும் மாஸ்டரின் தும்மல் பின்னாலிருந்து கேட்கும். நடிகை அதற்காகவே ஒரு கணம் நிறுத்தி, தும்மல் முடிந்த பிறகு வசனத்தைத் தொடர்வாள். அன்றும் நிறுத்தினாள். தும்மல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அரங்கமே கோப்பையைப் பார்த்துக்கொண்டு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் அவள் குடித்தபோது எழுந்த கைதட்டல் அதுவரை அந்தக் கட்டத்துக்கு எழுந்ததில்லை. நாடகம் முடிந்து எல்லாரும் உடை அறைக்கு ஓடிவந்து மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் புரிந்தது, தும்மி நாலு நாளாகிறது என்று.

மறுநாள் அவர் பட்டறைக்கு வந்தார். அதுவரை அந்தப் பக்கம் வந்தவரில்லை. வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீங்க சொன்னதுதாங்க சரி” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பார் என்பது முகத்திலேயே தெரிந்தது. பெட்டியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உப்புத்தாள் தேய்த்த அன்றைக்கு நீங்கள் தும்மியதற்கு என் தூளும்தான் காரணம், அதனால் வழக்கில் பாதி பாதி என்றாள். மாதம் முடிந்தபோது அறையில் ஒரு அந்துப்பூச்சியும் இல்லை; உருண்டைகள் திரும்ப வரவேயில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் அது நல்ல அறை கட்டிய கதையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் பெட்டியக்கா ஒரு கணுவைத் தவறவிட்டிருந்தாள்.

சுடுநீர்க் குழாய் ஓடுகிற சுவரில், தோள் உயரத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு கணு. பென்சில் தொழிற்சாலையில் என்றால் பார்த்த மாத்திரத்தில் ஓரமாகப் போயிருக்கும். இங்கே அறையின் மங்கல் விளக்கில் கண்ணுக்குத் தப்பியது. குழாயின் சூட்டில் கணு மெல்ல இளகி, பிசினைக் கசியவிட்டது. புது நாடகத்தின் முதல் காட்சி அன்று மதியம், மாஸ்டர் மாதக்கணக்கில் தைத்த மணப்பெண் உடையை எடுக்கக் கையை நீட்டினார். வெள்ளைக் கம்பளி உடை. சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெதுவாகப் பிரித்தெடுத்தால், இடது தோளில் தேன் சிந்தியதுபோல ஒரு மஞ்சள் கறை.

ஆள் அனுப்பினார்கள். பெட்டியக்கா இழைப்புளியைப் பிடித்த கையோடு ஓடிவந்தாள். சுவரைப் பார்த்தாள், கணுவைப் பார்த்தாள், உடையைப் பார்த்தாள். மேலாளரம்மா ஒருபுறம், மணப்பெண்ணாக நடிக்கிறவள் ஒருபுறம், எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். பழியைக் குழாயின் தலையில் போட்டிருக்கலாம். அவள் போடவில்லை.

“என் தப்புதான் மாஸ்டர். இந்தக் கணுவை நான் பாத்திருக்கணும். பாக்கல.”

மாஸ்டர் திட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் தரம் கெட்ட நூலைக் கொண்டுவந்தவனையே ஒரு மணி நேரம் திட்டுகிற ஆள். உடையை மேசையில் விரித்து, கறையை விரலால் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். “நல்ல வாசனைதான்” என்றார். பிறகு மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார்.

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து இருவரும் மாறி மாறி ஒற்றினார்கள். பிசுபிசுப்புப் போனது, மஞ்சள் போகவில்லை. தோளை அறுத்து வேறு துணி வைக்கலாமென்றால் அதே வெள்ளையில் துணி இல்லை. துணிப்பூ வைத்து மறைக்கலாமென்றால் கைவசம் இருந்ததெல்லாம் கிழவியின் தொப்பிக்குச் செய்த ஊதாப் பூதான். பேசிக்கொண்டே பெட்டியக்கா பதற்றத்தில் கையில் ஏதாவது இருக்க வேண்டுமென்று மிச்சம் கிடந்த ஒரு தேவதாருத் துண்டை எடுத்து இழைத்துக்கொண்டிருந்தாள். கவலை வந்தால் அவளுக்கு அது பழக்கம். இழைப்புளியின் வாயிலிருந்து மெல்லிய சீவல் சுருண்டு சுருண்டு வந்து மேசையில் விழுந்தது. ரோஜா நிறத்தில், ஓரம் வெளிறி, காகிதத்தைவிட மெல்லியதாக.

மாஸ்டர் ஒரு சுருளை எடுத்தார். அதற்குள் இன்னொரு சுருளை வைத்தார். அதற்குள் இன்னொன்று. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இழைப்புளியின் அலகை இன்னும் ஒரு மயிரிழை உள்ளே தட்டிவிட்டு இழைக்க ஆரம்பித்தாள். சீவலை ஈரத் துணிக்குள் வைத்து வளைந்துகொடுக்கும்படி செய்தாள். அவர் மடித்து, அடியில் நூல் சுற்றி, இதழ் இதழாகப் பூ கட்டினார். சிலது முறிந்தது, முறிந்ததை மொட்டாக்கினார். சாயங்காலம் மணப்பெண்ணின் இடது தோளிலிருந்து மார்புவரை ஒரு மரப்பூங்கொத்து இறங்கியிருந்தது. கறை அதற்கடியில் எங்கோ கிடந்தது.

அன்று மேடையில் நாயகன் மணப்பெண்ணின் தோளில் குனிந்து, உன் மேல் காட்டின் வாசம் அடிக்கிறது என்று வசனம் சொல்ல வேண்டும். பழைய ஒத்திகைகளிலெல்லாம் அதை மனப்பாடம் செய்ததுபோலத்தான் சொல்லியிருந்தான். அன்று குனிந்தவன் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டான். உண்மையிலேயே காட்டு வாசம். வசனம் தானாக வந்தது. மேடையோரத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பெட்டியக்காவும் மாஸ்டரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்ததை இருவருமே கைதட்டல் முடிந்த பிறகுதான் கவனித்தார்கள். கவனித்ததும் இருவரும் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

நாடகம் நன்றாக ஓடியது. பார்வையாளர்கள் பூவைப் பற்றிக் கேட்டார்கள். மரப்பூ என்ன இரும்பா? நாலைந்து காட்சிக்கு ஒருமுறை உதிரும். புதிதாகக் கட்ட வேண்டும். அதற்காகப் பெட்டியக்கா வாரம் ஒருமுறை அரங்கத்துக்குப் போனாள். பிறகு வாரம் இருமுறை. பூ உதிராத வாரத்திலும் போனாள். மாப்பிள்ளைக்கு இந்த மாதிரி விஷயத்தில் மூக்கில் வியர்த்துவிடும். “அத்தை, அந்த நாடகத்துல மணப்பெண் ஒருத்தியா, ஒரு பட்டாளமா? இத்தனை பூ எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல டிக்கெட் பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகள் சிரிக்கவில்லை. அவள் யோசித்துப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் தலைமுடியில் சிக்கிய மரத்தூளைச் சீப்பால் எடுத்துக்கொண்டே சொன்னாள்:

“அம்மா, தெருவே உன்னை அக்கான்னு கூப்பிடுது. உன்னைவிட வயசான பேப்பர்காரர்கூட அக்காங்கறார். மாஸ்டர் மட்டும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்ல. கவனிச்சியா?”

பெட்டியக்கா கவனித்திருக்கவில்லை. சொன்ன பிறகு நினைத்துப் பார்த்தாள். அவர் கூப்பிட்டதெல்லாம் “ஏங்க”, “இங்க பாருங்க”, “உங்களைத்தாங்க”. சண்டை போட்ட நாட்களிலும் அப்படித்தான். கன்னம் சூடாயிற்று. சீப்பு தலையில் இருப்பதை மறந்து எழுந்தாள்; முடி இழுத்ததும் மறுபடி உட்கார்ந்தாள்.

“உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையா?” என்று மகளிடம் கேட்டாள்.

“எனக்கு என்ன? நான் பஸ்ல ஏத்தி இறக்கற ஜனம் அத்தனையும் வீட்டுல யாராவது காத்திருக்காங்கன்னுதான் வேகமா நடக்குது. உனக்கும் ஒரு ஆள் காத்திருக்கட்டுமே.”

அடுத்த நாள் பெட்டியக்கா அரங்கத்துக்குப் போனாள். கையில் சீவல் பை இல்லை. வேலை எதுவும் இல்லாமல் அந்தப் படியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் ஒரு பாவாடையின் விளிம்பை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். வாயில் ஒரு வரிசை குண்டூசி. சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. நேராகவே கேட்டுவிட்டாள்.

“எல்லாரும் என்னை அக்கான்னு கூப்பிடறாங்க. நீங்க மட்டும் ஏன் கூப்பிடறதில்ல?”

வாயில் குண்டூசியோடு பதில் சொல்ல முடியாது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காலரில் குத்தினார். எல்லாவற்றையும் குத்தி முடிக்கும்வரை அவளும் காத்திருந்தாள். கடைசிக் குண்டூசியைக் குத்திவிட்டு அவர் சொன்னார்:

“ஒரு தடவை அக்கான்னு கூப்பிட்டுட்டா, அப்புறம் வேற எதையும் கேக்க முடியாதேங்க.”

கீழே மேடையில் யாரோ ஆணி அடிக்கிற சத்தம்.

“சரி,” என்றாள் பெட்டியக்கா. “அப்ப கேளுங்க.”

அவர் கேட்டார். என்ன கேட்டார் என்பதை இருவருமே பிற்பாடு யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மேலாளரம்மாவுக்கு அவசியப்பட்டிருக்காது. அவர் படியின் பாதியில் டீயோடு நின்றுகொண்டு கேட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் அரங்கம் முழுக்கத் தெரிந்தது. ராஜா வந்து மாஸ்டரைத் தூக்கினார். மாண்ட இளவரசன் விசிலடித்தான்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. மாஸ்டர் அவளுக்காக ஒரு உடை தைத்திருந்தார், செம்பழுப்புப் பட்டில். அளவு எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. இத்தனை நாள் பார்த்த கண்ணால் வெட்டுகிறேன் என்றார் அவர், வெட்டினார், ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. அவள் அவருக்கு ஒரு தையல் பெட்டி செய்திருந்தாள். மூடியைத் தூக்கினால் நூல்கண்டுகளுக்கு ஒரு தட்டு, அதைத் தூக்கினால் கத்தரிக்கோலுக்கு ஒரு தட்டு, அதற்கும் கீழே பொத்தான்களுக்குச் சின்னச் சின்ன அறைகள். எங்கும் ஒரு கணு கிடையாது. மகள் அன்று தன் பஸ்ஸுக்குச் சிறப்பு அனுமதி வாங்கி, நடிகர்களையும் தெருக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். டிக்கெட்டின் பின்பக்கம் ‘போக மட்டும், திரும்பி வருவதற்கில்லை’ என்று அவர் கைப்பட எழுதியிருந்தது.

தெருவுக்கு வந்த மாஸ்டருக்கு ஒரு புதுச் சிக்கல். பெட்டியக்கா எல்லாருக்கும் அக்கா; அக்காவின் கணவர் யார்? ஒரே நாளில் அவர் தெரு முழுவதற்கும் அத்தான் ஆகிவிட்டார். சைக்கிள் கடைக்காரர் அத்தான் என்றார், பால்காரர் அத்தான் என்றார், அவரைவிடப் பத்து வயது மூத்த பேப்பர்காரரும் தயங்காமல் அத்தான் என்றார். கூடப்பிறந்தவர் ஒருவரும் இல்லாமல் ஐம்பத்தைந்து வருடம் வாழ்ந்தவருக்குத் திரும்பின பக்கமெல்லாம் மைத்துனர்கள். முதல் வாரம் வெட்கப்பட்டுச் சுவரோரமாக நடந்தார். இரண்டாம் வாரம் சைக்கிள் கடைக்காரரின் கிழிந்த சீட்டு உறையைத் தைத்துக் கொடுத்தார். மாதம் முடிவதற்குள், மைத்துனனென்றால் மரியாதை வேண்டாமா என்று பால்காரரை மிரட்டுகிற அளவுக்கு முன்னேறிவிட்டார். மகள் மட்டும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கொஞ்ச நாள் திண்டாடினாள். மாஸ்டர் என்றே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஒருநாள் அவசரமாகப் பணிக்குக் கிளம்பும்போது, “அப்பா, அந்தத் தொப்பியை எடுங்க” என்று சொல்லிவிட்டு, சொன்னதையே கவனிக்காமல் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் அன்று மதியம்வரை ஒரு தையலும் ஒழுங்காகப் போடவில்லை.

சீட்டு உறை தைத்தது வம்பாகப் போயிற்று. தெருவே கிழிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வர, பட்டறையிலேயே ஒரு மூலையில் தையல் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. காலையில் இவள் இழைக்கிற நேரம் அவர் அரங்கத்தில் இருப்பார். தூள் அடங்கித் தரையைத் துடைத்த பிறகுதான் இங்கே வந்து தைப்பார். இதற்கு அவர்கள் ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. பெட்டி வாங்க வருகிறவர்கள் உள்ளே விரிக்க ஒரு பருத்தித் துணியும் சேர்த்துத் தைத்து வாங்கிப் போனார்கள். அந்தத் துணி வந்த பிறகு பிசின் கறையென்று ஒருவரும் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் நாடகக் குழுவுக்குக் கடல் தாண்டிய ஊரிலிருந்து அழைப்பு வந்தது. உடுப்புகளை எடுத்துப்போகப் பெரிய பெட்டிகள் வேண்டும். பெட்டியக்கா தன் வாழ்நாளில் செய்ததிலேயே பெரிய பெட்டிகளை அப்போதுதான் செய்தாள். வெளியே தடித்த பலகை, மூலைகளில் பித்தளை, உள்ளே முழுக்கத் தேவதாரு. திறந்து நிமிர்த்தி வைத்தால் அதுவே ஒரு அலமாரி. மரப்பூவுக்கு அங்கே யார் சீவல் இழைத்துக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது மேலாளரம்மா அவளுக்கும் சேர்த்துக் கப்பலில் இடம் போட்டுவிட்டார். அதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. முதல் நாள் முழுவதும் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைப் போய் எதில் போட்டு மூடுவது என்று நினைத்தேன் என்று மாஸ்டரிடம் சொன்னாள்.

துறைமுகத்தில் சோதனை. ஒரு அதிகாரி, அவரோடு ஒரு பெரிய மோப்ப நாய். வரிசையாக எல்லாச் சாமான்களையும் முகர்ந்துகொண்டு விறைப்பாக வந்த நாய், பெட்டியக்காவின் பெட்டிக்கு முன்னால் நின்றது. திறக்கச் சொன்னார் அதிகாரி. திறந்தார்கள். நாய் மூக்கை உள்ளே விட்டது. எடுக்கவில்லை. நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் அளவு நாடாவைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார். நாய் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு முன்னங்கால்களை மடித்து, பெட்டியின் விளிம்பில் தாடையை வைத்து, கண்களை மூடிக்கொண்டது. அதிகாரி அதட்டிப் பார்த்தார், வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரு காதை மட்டும் ஆட்டியது.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, தன் மூக்கையும் பெட்டிக்குள் கொஞ்சம் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, இதைச் செய்தது யார் என்று கேட்டார். மாஸ்டர் ஒரு அடி விலகி, முதுகில் லேசாகத் தொட்டு, பெட்டியக்காவை முன்னால் விட்டார்.